காக்காவும் தாத்தாவும்: ஒரு ஒலி வாக்கியத்துக்குள்ள வர்ற கதை

இன்னிக்கு டெக் இல்லை, ஸ்பீச் தெரபி. அதுலயும் ஒரே ஒரு படி: ஒரு குழந்தை கத்துக்கிட்ட ஒலியை வாக்கியத்துல சொல்லப் பழகுறது.

அக்கா பையனுக்கு நாலரை வயசு. 'க' வராது, 'த' வரும். அதனால அவன் வாயில காக்கா, தாத்தா ஆயிடும். மொட்டை மாடியில காக்காவைக் காட்டி அவன் "தாத்தா பறக்குது"ன்னு சொன்னதை நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சேன். வீடே சிரிச்சுது. கொஞ்ச நாள்ல அவன் காக்காவைப் பார்த்தா விரலை மட்டும் நீட்ட ஆரம்பிச்சான். வீடியோவை அழிச்சேன். அக்காகூட தெரபிக்கும் போனேன்.

முதல்ல காது கேட்கும் திறனைச் சோதிச்சாங்க. அது சரியா இருந்துச்சு. 'த' சொல்ல நாக்கு நுனி பல்லைத் தொடணும். 'க' சொல்ல நாக்கோட பின்பகுதி மேல எழும்பணும். சின்ன வயசுல நிறைய குழந்தைங்க இதை மாத்திச் சொல்வாங்க. பொதுவா நாலு வயசுக்குள்ள தானா சரியாயிடும். ஆகலைன்னா பயிற்சி.

இந்தப் பயிற்சியைப் படிப்படியா விளக்கினவர்ல முக்கியமானவர் சார்லஸ் வான் ரைப்பர். அவரே திக்குவாய் உள்ளவர். 1939ல அவர் எழுதின 'ஸ்பீச் கரெக்‌ஷன்' புத்தகம் இந்தத் துறையில ரொம்பப் பிரபலம். தனி ஒலி, அசை, சொல், வாக்கியம், அப்புறம் சாதாரணப் பேச்சு. இதுதான் ஏணி.

எங்க பையன் 'கார்', 'கல்லு' எல்லாம் தனித்தனியா சரியா சொல்லிட்டான். வாக்கியம்னு வந்ததும் பழையபடி 'தார்'. எனக்கு இது தெரிஞ்ச கதைதான். யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ், எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினா ஃபெயில். வாக்கியத்துல நாக்கு வேகமா ஓடணும், மனசு அர்த்தத்துல இருக்கும். அப்போ பழைய பழக்கம் முந்திக்கும்.

நான் வீட்டுல "எனக்கு கார் வேணும்"னு சொல்ல வெச்சேன். தெரபிஸ்ட் சிரிச்சுட்டு, "எனக்கு-ல என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க. 'க்கு'! நாலாம் வேற்றுமை உருபே அவனுக்கு வராத ஒலி. கார்னு வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை தடுக்கிடுறான். "இது கார்" சொன்னாலும் சிக்கல், அதுல 'து' இருக்கு. அவங்க கொடுத்தது: "பாரு, கார்." "பாரு, கல்லு." வாக்கியம் மாறாது, சொல் மட்டும் மாறும்.

பத்துக்கு எட்டு தடவை சரியா வந்தா அடுத்த படிக்குப் போகலாம்னு நிறைய தெரபிஸ்ட்கள் கணக்கு வெச்சிருக்காங்க. அடுத்து சொல்லோட இடத்தை மாத்தணும்: "கார் வரும்", "மாமா கார்ல வர்றார்". பிறகு ஒரே வாக்கியத்துல ரெண்டு மூணு 'க'. அதுக்கப்புறம்தான் எதிரியை உள்ள விடணும்: "தாத்தா காக்காவுக்கு கத்திரிக்கா வெச்சார்." கடைசியா படத்தைக் காட்டி, அவனே சொந்தமா வாக்கியம் சொல்லணும். நாம முன்னாடி சொல்லிக் காட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், எழுத்தை நம்பாதீங்க, காதை நம்புங்க. 'பக்கம்'ல வர்ற ஒலி 'பகல்'ல வராது. பகல்ல அது கிட்டத்தட்ட 'ஹ' மாதிரி ஆயிடுது. எழுத்து ஒண்ணுதான், நாக்கோட வேலை வேற.

வீட்டுல தினம் அஞ்சு நிமிஷம் போதும். விளையாட்டா இருக்கணும். மத்த நேரத்துல அவன் தப்பா சொன்னா திருத்தாம, "ஆமா, காக்கா வந்திருக்கு"ன்னு நாம சரியா திருப்பிச் சொன்னா போதும். தெரபிஸ்ட்டைத் தேடுறவங்க, ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவுல பதிவு செஞ்சவங்களான்னு கேட்டுக்கோங்க.

போன வாரம் மாடியில நான் துணி எடுத்துட்டு இருந்தேன். பின்னாடி இருந்து, "மாமா, காக்கா!" யாரும் கேட்கலை, யாரும் சொல்லித் தரலை. அன்னிக்கு ராத்திரி தூக்கக் கலக்கத்துல அது மறுபடி 'தாத்தா' ஆச்சு. பரவாயில்லை. அவன் விரலை மட்டும் நீட்டாம வாயைத் திறந்து சொன்னான்ல, அது போதும். நான் போனை எடுக்கவே இல்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.