கை மாற்றும் குட்டிச் சிப்பாய்

எங்கள் மையம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே படிக்கும் அக்கா ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிறார். ஒரு நாள் மாலை அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே இரண்டு பொடி வட்டுகள் இருந்தன. உளுத்தம்பருப்பைவிடச் சிறியவை. வெள்ளி போல மின்னின. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, இதைப் பாருங்க. நேத்து பெருக்கும்போது பீரோ காலில் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த வீட்டுப் பையன் பொம்மைக்கு வைக்கிற காந்தமாம். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும். பொம்மைக்கு எதுக்குக் காந்தம்?"

எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பெரிய மேசையைக் காட்டினார். மேசை மேல் தெர்மோகோலில் செய்த மலை. இடிந்த வீடு. நடுவே ஐம்பது அறுபது சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாயும் 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது, ஓர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கண், மூக்கு, பொத்தான் எல்லாம் வண்ணம் தீட்டியிருந்தது. குழந்தை விளையாடும் பொம்மை இல்லை. பெரியவர்கள் ஆடும் ஆட்டம்.

ஆட்டம் எப்படி? நம் தாயத்தில் கட்டம் இருக்கும். இதில் கட்டம் இல்லை. டேப் வைத்து அளந்து சிப்பாயை நகர்த்துகிறார்கள். காயை உருட்டி, அடி விழுந்ததா இல்லையா என்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர் 1913இல் பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதிகள் எழுதிப் புத்தகமாகவே வெளியிட்டார். அதே நாட்டில் 1983இல் 'வார்ஹேமர்' என்ற ஆட்டம் வந்தது. இன்று பல நாடுகளில் அதை ஆடுகிறார்கள்.

சிப்பாய் முழுசாக வருவதில்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் உடல், தலை, கை என்று தனித்தனியாக வருகிறது. வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். ஒரே உடலுக்கு வாள் பிடித்த கை, துப்பாக்கி பிடித்த கை, கோடரி பிடித்த கை என்று பல கைகள் இருக்கும். ஒட்டுவது ஒன்றைத்தான். வாளை ஒட்டிவிட்டால் அவன் என்றைக்கும் வாள்காரன்தான். நாளைக்குத் துப்பாக்கிக்காரன் தேவைப்பட்டால்? இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். பெட்டியின் விலையை அவர் சொன்னார். அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

அதனால்தான் காந்தம். தோளில் ஒரு காந்தம், கையில் ஒரு காந்தம். வைத்தால் ஒட்டும், இழுத்தால் வரும். ஓர் உடல், மூன்று கை.

நமக்குத் தெரிந்த காந்தம் ரேடியோ ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம். அதை இவ்வளவு சிறிதாக வெட்டினால் இழுக்கும் வலு போதாது. இந்தச் சின்ன வட்டு வேறு வகை. நியோடிமியம் என்ற உலோகம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அளவில் பொடி, பிடியில் முரடு. ஆனால் எளிதில் உடையும். மேல் பூச்சு போனால் துருப்பிடிக்கும். அதிகச் சூட்டில் வலு குறையும்.

அந்தப் பையன் செய்து காட்டினார். வட்டின் அகலம் 3 மில்லிமீட்டர். கனம் 1 மில்லிமீட்டர். முதலில் ஊசிமுனையால் தோளின் நடுவில் ஒரு புள்ளி குத்தினார். பிறகு விரலால் திருகும் சின்னத் துளைக்கருவியில் 3 மில்லிமீட்டர் முனையை மாட்டி, வட்டு உள்ளே அமரும் ஆழத்துக்குத் துளைத்தார். ஒரு சொட்டுப் பசை. வட்டை வைத்து அழுத்தினார். பசை காயும்வரை அடுத்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் ஈரப் பசையோடு முதல் வட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம்.

இனிமேல்தான் சூட்சுமம். காந்தத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று வடக்கு, மற்றது தெற்கு. வடக்கும் தெற்கும் இழுக்கும். வடக்கும் வடக்கும் தள்ளும். கையில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? தோள் கையைத் தள்ளிவிடும். "முதல் சிப்பாய்க்கு அப்படித்தான் ஆச்சு. கை துள்ளி ஓடிடுச்சு" என்று சிரித்தார்.

முகத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காந்தமே சொல்லும். தோளில் உள்ள காந்தத்தின் மேல் இரண்டாவது காந்தத்தை வையுங்கள். அது தானாகவே சரியான பக்கம் ஒட்டிக்கொள்ளும். இப்போது வெளியே தெரியும் முகத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கையின் குழிக்குள்ளே போக வேண்டும். புள்ளி இல்லாத முகம் வெளியே தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாச் சிப்பாய்க்கும் தோளில் ஒரே முகம் வெளியே இருந்தால், எந்தக் கையும் எந்த உடலிலும் பொருந்தும். இதற்காக ஒரு குச்சியின் நுனியில் மாதிரிக் காந்தம் ஒன்றை அவர் ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதில் வைத்துப் பார்த்துத்தான் புள்ளி இடுகிறார். தையல்காரர் அளவுச் சட்டை வைத்திருப்பது போல.

கனமான ஆயுதம் என்றால் கை கீழே சரியும். அதற்குப் பெரிய காந்தம் வேண்டும். சிப்பாயின் பாதத்துக்கு அடியிலும் ஒன்று வைக்கிறார். தகரப் பெட்டிக்குள் நிற்க வைத்து எடுத்துப் போனால் எதுவும் விழுவதில்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கேட்டார். "தம்பி, இதை முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போனேனே. என் சின்னவனுக்கு ஒன்றரை வயசு. வாயில போட்டிருந்தா?"

அந்தப் பையன் பேசாமல் இருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இரண்டு என்றால் கதை வேறு. நம் குடல் மடிந்து மடிந்து கிடக்கிறது. ஒரு காந்தம் ஒரு மடிப்பிலும் மற்றொன்று வேறு மடிப்பிலும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். குடல் சுவர் நடுவில் நசுங்கும். அங்கே இரத்தம் ஓடாது. குடலில் ஓட்டை விழும். உயிருக்கே ஆபத்து. தொடக்கத்தில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். சில சமயம் ஒன்றுமே தெரியாது.

எத்தனை விழுங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒன்று என்று நினைத்தாலும் காத்திருக்கக் கூடாது. வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போனதும் "காந்தம் விழுங்கிவிட்டான்" என்று சொல்லுங்கள். காசு விழுங்கினான் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாது. எக்ஸ்ரேயில் இரண்டு காந்தம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவும் தெரியலாம்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் இப்படி உதிரியாக வாங்கும் காந்தம் பொம்மைக் கணக்கில் வராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பையன் காந்தங்களை மரை மூடி போட்ட டப்பாவில் வைக்கிறார். மூடி மேல் எண்ணிக்கை எழுதிய காகிதம் ஒட்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அக்கா அந்த எண்ணைப் படித்து, டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். போன வாரம் காகிதத்தில் 47 என்று இருந்தது. உள்ளே இருந்தது 46. இருவரும் அரை மணி நேரம் தேடினார்கள். கட்டிலின் இரும்புக் காலில், அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.