மூட முடியாத குழாய்

வீட்டில் குழாய் ஒழுகினால், வந்த பிளம்பர் முதலில் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடுவார். பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். 80 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நியூயார்க் நகரத்தால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு இதைச் செய்ய முடியவில்லை. 1917இல் ஒன்று, 1936இல் இன்னொன்று என இரண்டு சுரங்கக் குழாய்கள்தாம் நகருக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தன. ஒன்றை அடைத்தால் மற்றொன்றால் ஊர் முழுவதையும் தாங்க முடியாது. அதனால் இரண்டும் ஓய்வே இல்லாமல் ஓடின. பழைய வால்வுகளைத் திருகிப் பார்க்கவே பொறியாளர்கள் பயந்தார்கள். மூடிய வால்வு மறுபடி திறக்க மறுத்துவிட்டால் பாதி நகரம் வறண்டுபோகும். இந்த நெருக்கடியிலிருந்து மீளத்தான் மூன்றாவது சுரங்கத்தை 1954இல் திட்டமிட்டு, 1970இல் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு பிரதான குழாய் எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறது என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அதைப் பழுதுபார்க்க நிறுத்த முடியுமா என்ற கேள்வியே முதலில் வர வேண்டும் என்பது என் வாதம்.

சாலையைத் தோண்டி இன்னும் சில குழாய்களைப் பதித்தால் போதாதா என்று தோன்றலாம். மன்ஹாட்டன் தெருக்களுக்கு அடியில் கேஸ் குழாய், நீராவிக் குழாய், மின்கம்பிகள், சாக்கடை, பாதாள ரயில் எல்லாம் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. பத்தடி விட்டமுள்ள குழாயை அங்கே நுழைக்க முடியாது. நுழைத்தாலும், அது உடைந்தால் ரயில் பாதைதான் முதலில் மூழ்கும். ஆகவே பல நூறு அடி ஆழத்தில் பாறையைக் குடைந்தார்கள். முதல் கட்டத்தில் சுரங்கம் சில இடங்களில் 800 அடி ஆழம் வரை இறங்குகிறது. தண்ணீர் உள்ளிருந்து தரும் அழுத்தத்தைக் கான்கிரீட்டைச் சுற்றியுள்ள பாறை தாங்கிக்கொள்கிறது. நகரின் வட எல்லைக்கு அப்பால், யாங்கர்ஸில் மேட்டில் இருக்கும் ஹில்வியூ நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் நீர், அந்த உயரம் தரும் அழுத்தத்தாலேயே செங்குத்தான ஷாஃப்ட்கள் வழியே மேலேறித் தெருக் குழாய்களை அடைகிறது, பம்ப் தேவையில்லை. புதிய திட்டத்தின் உயிர்நாடி வான் கோர்ட்லாண்ட் பூங்காவில் இருக்கிறது. மேலே புல்தரை, 250 அடிக்குக் கீழே 620 அடி நீளத்துக்கு ஒரு கூடம், அதில் வரிசையாக வால்வுகள். ஆட்கள் இறங்கிப் பராமரிக்கவும், வேண்டும்போது ஒரு பகுதிக்கான நீரை நிறுத்தவும் வசதியாக அதைக் கட்டியிருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் அவசியமாகப் படுவது இந்தக் கூடம்தான்.

மொத்தச் செலவு சுமார் 600 கோடி டாலர். கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தராத வேலைக்கு இவ்வளவா என்பது நியாயமான கேள்வி. டெலவேர் நீர்வழியின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். நகரின் தண்ணீரில் பாதியைக் கொண்டுவரும் அந்தச் சுரங்கத்தில், மிக மோசமான காலங்களில் நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் வரை கசிந்தது. கசிவு பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆனால் அடைப்பதற்கு நீர்வழியை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டும். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் நான்கு கிலோமீட்டர் மாற்றுச் சுரங்கம் குடைந்து, 2024 அக்டோபரில் ஒருவழியாக நீரை நிறுத்தினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் வறட்சி வந்துவிட்டதால் நவம்பரில் பணியைத் தள்ளிவைத்து, நீர்வழியை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. நிறுத்துவதற்கு வழியில்லாத குழாயில் சிறு விரிசலுக்குக்கூட நகரம் கொடுக்கும் விலை இது.

செலவைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. மூன்றாவது சுரங்கத்தைக் கட்டும்போது இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் சாண்ட்ஹாக் எனப்படும் சுரங்கத் தொழிலாளர்கள். ஆரம்பத்தில் துளையிட்டு, வெடிவைத்துத்தான் பாறையைப் பிளந்தார்கள். சென்னை மெட்ரோவால் நம்மவர்களுக்குப் பழக்கமான சுரங்கம் தோண்டும் இயந்திரம் அங்கே பின்னால்தான் வந்தது. இந்த உயிர்களை எந்தக் கணக்கிலும் சரிக்கட்ட முடியாது. அவசரமாகத் தோண்டியிருந்தால் சாவு குறைந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டு தாமதத்தைக் காட்டித் திட்டத்தையே குறை சொல்பவர்கள், 1970களின் நடுவில் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்து பணி முடங்கியதை மறந்துவிடுகிறார்கள். தெருவில் ஷாஃப்ட் இறக்குவதும் எளிதாக இருக்கவில்லை. கிழக்கு 59ஆம் தெருப் பகுதியில் குடியிருப்போர் சத்தத்துக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் அஞ்சி எதிர்த்தார்கள். அவர்கள் கவலை நிஜம்தான். சுரங்கம் கண்ணில் படாவிட்டாலும், ஷாஃப்டிலிருந்து பிரியும் குழாய்களுக்காகத் தெரு திறந்தே கிடக்கும். அந்தச் சுமை எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடப்பது நகராட்சியின் கடமை.

ஹில்வியூவிலிருந்து குவீன்ஸ் வரையிலான முதல் கட்டம் 1998இலும், மன்ஹாட்டன் பகுதி 2013 அக்டோபரிலும் பயன்பாட்டுக்கு வந்தன. 1917இல் திறந்த முதல் சுரங்கத்தை நிறுத்திச் சோதிக்க இப்போது வழி பிறந்திருக்கிறது. இரண்டாவது சுரங்கத்துக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. அதற்குக் குவீன்ஸில் கடைசி இரண்டு ஷாஃப்ட்களும் முடிய வேண்டும்; நகரம் அதற்குக் குறித்திருக்கும் ஆண்டு 2032.