யந்திரத்தின் உள்ளே புகும் கண்

உடலைக் கீறாமலே உள்ளுறுப்பின் நோயை அறிய விரும்புவது வைத்தியரின் இயல்பு. அவ்வாறே, மோட்டார் யந்திரத்தைப் பிரிக்காமலே அதன் உட்புறத்தைக் காண வேண்டுமென்பது மெக்கானிக்குகளின் நெடுநாளைய விருப்பம். இவ்விருப்பத்தை இக்காலத்தில் எளிய விலையில் நிறைவேற்றும் கருவி ஒன்றைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

வடசேரிப் பேருந்து நிலையத்தினருகே சற்று நின்று நோக்குவோர்க்கு, மோட்டார் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்துணை என்பது விளங்கும். வாடகைக் கார் ஓட்டுவார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டி புகை கக்குகின்றது; மேட்டில் இழுவை குறைகின்றது. ‘ஹெட்டைக் கழற்றினாலன்றி ஒன்றும் சொல்வதற்கில்லை’ என்கின்றனர். கழற்றினால் கேஸ்கட் புதிதாக இட வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் வருவாயும் இல்லை. எல்லாம் பிரித்த பின்னர் உள்ளே குற்றமில்லை என்று தெரியின், போன பொருள் மீளுமோ?

இங்கே உதவுவதுதான் என்டோஸ்கோப் காமிரா. நீண்ட கம்பியின் நுனியில் ஏறத்தாழ 5.5 அல்லது 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு காமிராவும், அதனைச் சுற்றிச் சில நுண்விளக்குகளும் அமைந்திருக்கும். மறுமுனையைக் கைப்பேசியில் செருகினால் நுனி காண்பதைத் திரையில் நாமும் காணலாம்.

இதன் வரலாற்றில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. பஞ்சாபிலுள்ள மோகாவில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாரல்டு ஹாப்கின்ஸ் என்பாருடன் ஆராய்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியே உருவத்தைக் கடத்தும் முறையை 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். வைத்தியத் துறை அதனால் பெரும்பயன் எய்தியது. ஆயினும் இன்றைய மலிவுக் கருவியில் ஒளி நெடுந்தூரம் இழையின் வழியே செல்வதில்லை. நுனியிலுள்ள சிறு சில்லே ஒளியை மின்குறியாக மாற்றிவிடுகின்றது. விலை குறைந்தமைக்கு இதுவே முதற்காரணம்.

பெட்ரோல் யந்திரத்தைச் சோதிக்கும் முறை வருமாறு. யந்திரம் நன்கு ஆறியிருத்தல் வேண்டும்; பாட்டரி இணைப்பை விலக்குக. ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முன்னரே ஊதி அகற்றுக. இல்லையேல் அஃது உள்ளே விழும். பின்னர் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே காமிராவை மெல்ல இறக்குக. பிஸ்டன் மேலே நின்றால் சிலிண்டர்ச் சுவர் புலப்படாது. அப்பொழுது காமிராவை முற்றும் வெளியே எடுத்த பின்னரே, கிராங்க் கப்பியை ஸ்பானரால் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்க வேண்டும். காமிரா உள்ளிருக்கையில் யந்திரத்தைச் சுழற்றுதல் எக்காலத்தும் தகாது. வால்வுகளைக் காண, நுனியில் மாட்டும் சிறு சாய்வுக் கண்ணாடி உதவும்.

இனி, கண்டதன் பொருளை அறிதல். பிஸ்டன் தலையில் உலர்ந்த கரி மிகுந்திருப்பின், எரிபொருள் அளவுக்கு மேல் செல்கின்றது என்று ஐயுறலாம். ஈரமான எண்ணெய்க் கரியாயின் ரிங் அல்லது வால்வு வழியே எண்ணெய் இறங்குகின்றது எனலாம். ஒரு பிஸ்டன் மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்றிருப்பின், ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் கசிகின்றதோ என்று பார்க்க வேண்டும். சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள் ஆலையில் இட்டவை. அவை இருத்தல் நலம். மேலிருந்து கீழாக ஓடும் ஆழ்ந்த கீறல்களே கேட்டின் அடையாளம்.

எனினும் இக்கருவிக்கு எல்லையுண்டு. அண்மையிற் காட்டுவதால் சிறு கீறலும் பெரும்பள்ளம் போலத் தோன்றும். அதன் ஆழத்தை அஃது அளந்து சொல்லாது. ரிங்கின் தேய்வையும் நேரே காட்டாது. ஆதலால் கம்ப்ரஷன் சோதனையையும் செய்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே முடிவு கூறுதல் அறிவுடைமை. டீசல் யந்திரங்களிலோ துளை மிகச் சிறிதாயிருத்தலால் காமிரா நுழையாமலும் போகலாம்.

இவற்றிலும் சிறந்த பயன் ஒன்றுண்டு. முன்னெல்லாம் பட்டறையில் மெக்கானிக் சொன்னதை வண்டிக்காரர் நம்ப வேண்டும். அன்றேல் ஐயுற வேண்டும். இப்பொழுதோ இருவரும் ஒரே படத்தை நோக்கிப் பேசலாம். தேர்ந்த தொழிலாளிக்கு இதனால் மதிப்புக் குறைவதில்லை. அவர் சொல் மெய்யென்பதற்குச் சான்று கிடைக்கின்றது. கோயில் நகை வேலைக்குப் பெயர்பெற்ற வடசேரியில், கல்லின் குற்றத்தை நுணுகிப் பார்த்த பின்னரே பதிக்கும் பொறுமை பழைய செல்வம். அப்பொறுமை மோட்டார்ப் பட்டறைக்கும் உரியதே. முதலில் காண்க, பின்னர் ஆராய்க, இன்றியமையாத விடத்து மட்டும் கழற்றுக.