கண்டவர் சொல்லும் இழையத்தின் சொல்லும்

தொடர் – 12

நரம்பு நோயியல், வலிப்பு, மூளைக்கட்டி ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்ச்சி நிரலில் வைத்துக் கூட்டப்படும் மருத்துவ மாநாடுகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, தனித்தனியே இயங்கும் மூன்று தொழில்கள் ஏன் ஒரே மண்டபத்தில் கூடுகின்றன என்ற ஐயம் எழுவது இயல்பு. வலிப்பைப் பார்ப்பவர் நரம்பியல் வைத்தியர். அவருடைய வேலை நோயாளியோடும் நோயாளியின் வீட்டாரோடும் பேசுவதில் தொடங்குகிறது. கட்டியை அகற்றுபவர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். நரம்பு நோயியலாளரோ நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. மூளையிலிருந்து எடுக்கப்பட்ட இழையத்தை, அதாவது கலங்கள் கூடி அமைந்த சிறு துணுக்கை, மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது இன்னது என்று பெயர் சொல்வது அவருடைய தொழில். இம்மூவரையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவருவது ஒரே கேள்வி: ஒருவருக்கு வரும் வலிப்பு தன்னளவில் ஒரு நோயா, அல்லது மூளைக்குள் வேறொன்று இருப்பதன் அறிகுறியா?

இத்தகைய மாநாடுகளில் ஆள்களை இருக்கையில் இருத்திவைப்பவை நீண்ட உரைகள் அல்ல, நோயாளர் ஆய்வரங்குகளே. பெயர் நீக்கப்பட்ட ஒரு நோயாளியின் வரலாறு முன்வைக்கப்படும். வலிப்பு எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிந்தது என்ற விவரணை முதலில் வரும். அதையடுத்து மூளையின் மின்னியக்கத்தைக் கோடுகளாகப் பதியும் ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. படம், சத்திரசிகிச்சை என்று ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டு, கூடியிருப்போர் தத்தம் ஊகத்தைச் சொல்லி முடித்த பின்னரே நோயியலாளர் எழுந்து தம் சீவலைத் திரையில் காட்டுவார். கடைசிச் சொல் அவருடையது என்பதால் அதற்கே மதிப்பு அதிகம். ஆனால் முதற்சொல் எந்த வைத்தியருடையதும் அன்று. வலிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் நினைவு தப்பிவிடுகிறது, வைத்தியரின் கண்ணெதிரே வலிப்பு வருவதும் அரிது. ஆகவே அந்த விவரணை முழுவதும் நோயாளி விழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவரிடமிருந்து வந்ததாகவே இருக்கும். மண்டபத்தில் அவருக்கு இருக்கை கிடையாது. ஆயினும் அவர் கண்டது பிசகிச் சொல்லப்பட்டால், அதன் பின்னே வரும் அனைத்தும் திசை மாறிப் போகும்.

வட்டகொடையில் அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் இலங்கையின் மலையகப் புகையிரதப் பாதையில், கிரேட் வெஸ்டர்ன் நிலையத்துக்கு முன்னதாக வருவது வட்டகொடை. சுற்றிலும் தேயிலை மலைகள். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள். ஒருத்தி விழுந்தால் முதலில் காண்பவள் அடுத்த நிரையில் நிற்பவள், அல்லது பின்னால் நிற்கும் கங்காணி. மலைச்சரிவில் விழுபவர் கவ்வாத்து வெட்டிய கட்டைகளின் மீதும், லயத்துக் காம்பராவில் விழுபவர் அடுப்பருகிலும் விழக்கூடும் என்பதால், கண்டவருக்கு அந்நேரத்தில் தூக்கிக் காப்பதே பெரிதாகத் தோன்றும்; எந்தக் கை முதலில் துடித்தது என்பது எவர் நினைவிலும் நிற்பதில்லை. மேலும் உடல் முழுவதும் உதறி, வாயில் நுரை தள்ளினால்தான் அது 'இழுப்பு' அல்லது 'காக்கா வலிப்பு' எனப்படுகிறது. சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்து, கொழுந்தை விட்டு வெறும் விரல்களால் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நிற்கும் பெண்ணின் நிலை, பிராக்குப் பார்க்கிறாள் என்ற ஏச்சோடு முடிந்துவிடுகிறது. காதுக்கு மேலே, பொட்டுக்கு உட்புறமாக அமைந்த பொட்டு மடலில் எழும் வலிப்பு பெரும்பாலும் இவ்வாறே தோன்றும் என்பதும், சத்திரசிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு மிகுந்த வலிப்புகளில் அதுவும் ஒன்று என்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை.

கண்டதை ஒழுங்காகச் சொல்வதால் கட்டி ஒன்றைக் கண்டுபிடிக்க இயலும் என்பது ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. 1884 நவம்பர் 25ஆம் திகதி லண்டனில், வலிப்புக்கும் வாதத்துக்குமான வைத்தியசாலையொன்றில், 25 வயது இளைஞர் ஒருவரின் மூளையிலிருந்து ரிக்மன் கோட்லீ என்ற சத்திரசிகிச்சையாளர் கட்டியொன்றை அகற்றினார். ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிய இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. மண்டையோட்டின் மேல் எந்த அடையாளமும் இல்லை. துடிப்பு முகத்தின் இடப்பக்கத்தில் தொடங்கி இடக் கைக்குப் பரவியது, காலப்போக்கில் அந்தக் கை வலுவிழந்தது என்ற வரிசையை வைத்தே, வலப்பக்க மூளையில் இயக்கத்தை ஆளும் பகுதியில் கட்டி இருக்கவேண்டும் என்று ஹியூஸ் பென்னெட் என்ற வைத்தியர் கணித்திருந்தார். கட்டி அங்கேயே இருந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்பின் அசைவுக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு, வலிப்பு அந்த இடங்களின் வழியே நடந்து செல்கிறது என்று முன்னரே வாதித்திருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன் அன்றைய சத்திரசிகிச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி நான்கு வாரங்களில் கிருமித்தொற்றால் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இடத்தைக் கணிக்கும் அறிவு வந்த அளவுக்குக் காயத்தைக் காக்கும் அறிவு அப்போது வந்திருக்கவில்லை.

இழையத்தின் சொல் ஒரு நாட்டின் வைத்திய வழக்கத்தையே திருத்திய நிகழ்வு தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மொன்ட்ரியலில் நரம்பியல் சத்திரசிகிச்சையாளர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கு நிறுவிய துறையே இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறை, 1951இல் பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர். நரம்பியல் வைத்தியரும் சத்திரசிகிச்சையாளரும் நோயியலாளரும் ஆண்டுதோறும் ஒன்றாய் உட்கார்ந்து பேசும் வழக்கம் அச்சங்கத்தின் வழியாகவே இத்துணைக்கண்டத்தில் வேரூன்றியது.

1980களில் சீ.டி. ஸ்கேன் இந்திய நகரங்களுக்குப் பரவியபோது, வலிப்போடு வந்த இளையோர் பலரின் மூளையில், சாய மருந்து ஏற்றியதும் ஒளிரும் சிறு வளையமொன்று தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடு என்பதால், இது மூளையில் உண்டாகும் காசநோய்க் கழலை என்றே பெரும்பாலான வைத்தியர்கள் கொண்டார்கள். மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. வேறு சிலருக்கு அது புற்றுக்கட்டியாக இருக்குமோ என்ற அச்சம். மருந்து கொடுத்துச் சில காலம் கழித்து மறுபடி படமெடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து பலித்தது என்று வைத்தியரும் நோயாளியும் மகிழ்ந்தனர். மருந்தே கொடுக்காதவர்களிலும் அது மறைந்துவந்தது என்பதுதான் நெருடல். வேலூர்ச் சத்திரசிகிச்சையாளர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அங்குள்ள நோயியலாளர்களும் சேர்ந்து, சத்திரசிகிச்சையில் எடுத்த வளையங்களைச் சீவிப் பார்த்தபோது, எதிர்பார்த்த காசநோய்க் கழலைக்குப் பதிலாக நாடாப்புழுவின் குடம்பைப் பையையும் அதைச் சூழ்ந்த அழற்சியையும் கண்டார்கள். 1989இல் லான்செட் இதழில் முதல் அறிக்கை வெளிவந்தது. பின்னர், வளையம் 20 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருத்தல், மூளையின் நடுக்கோடு ஒதுங்காதிருத்தல், தலைக்குள் அழுத்தம் கூடாதிருத்தல், கை கால் வலு நாளுக்கு நாள் குறையாதிருத்தல் போன்ற அளவுகோல்களை அவர்கள் வகுத்தனர். அவ்வளவுகோல்களுக்குள் அடங்குபவருக்குக் கத்தியும் வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம். வலிப்பு மருந்தும் மறுபடி ஒரு படமும் போதும்.

இந்தக் கண்டுபிடிப்பு எளிதில் ஏற்கப்படவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நோயாளிகளில் பலர் பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள். சைவ உணவினரும் இருந்தனர். ஆனால் சரியாக வேகாத பன்றி இறைச்சியால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு மட்டுமே. மூளைக்குச் செல்லும் குடம்பைகளோ, அப்புழுவைக் குடலில் கொண்ட வேறொரு மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் நீரிலும் காய்கறியிலும் கலந்து பிறர் வாய்க்குச் சேர்வதால் உண்டாகின்றன. அதாவது இது உணவுப் பழக்கத்தின் நோய் என்பதைவிடக் கழிவறையின் நோய் என்பதே பொருத்தம். லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு கழிவறை என்றிருந்த காலத்தை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இந்நோய் நிலைகொண்ட பல பகுதிகளில் வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கட்டிகளைப் பொறுத்தவரை, வலிப்புச் சத்திரசிகிச்சையில் அகற்றிய இழையங்களே புதிய பெயர்களைத் தந்தன. பாரிஸில் கத்தரின் தோமா-துபோர் என்ற நோயியலாளர், இளவயதிலிருந்தே மருந்துக்கு அடங்காத வலிப்புடையோரின் இழையங்களை ஆராய்ந்து, பல்லாண்டுகளாக ஏறத்தாழ வளராமல் வலிப்பை மட்டும் தந்துகொண்டிருக்கும் ஒரு வகைக் கட்டியை 1988இல் தனியே பிரித்துக் காட்டினார். அதுவரை அத்தகைய கட்டிகள் பிற கட்டிகளோடு சேர்த்து எண்ணப்பட்டதால், தேவையற்ற கதிர்ச் சிகிச்சைக்குச் சிறுவர்கள் ஆளாகும் அபாயம் இருந்தது. வேகமாக வளரும் கட்டியைவிட மெதுவாக வளரும் கட்டியே அதிகம் வலிப்பைத் தருகிறது என்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். ஆயினும் மெதுவாக வளர்வது சுற்றியுள்ள நரம்புக் கலங்களை அழிக்காமல் நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2008இல் கண்டறியப்பட்ட ஐ.டி.எச். விகாரம், அதாவது கட்டிக் கலத்தின் ஒரு பரம்பரையலகில் நேரும் மாற்றம், இதற்கு மற்றொரு விளக்கத்தையும் தருகிறது: அந்த மாற்றமுடைய கட்டி சுரக்கும் பொருளொன்று, நரம்புகளைக் கிளர்த்தும் குளூட்டமேற்றை ஒத்த வடிவுடையது. இன்று மூளைக்கட்டிகளுக்குப் பெயரிடும்போது நுணுக்குக்காட்டியில் தெரியும் தோற்றத்தோடு இத்தகைய விகாரங்களும் சேர்த்தே எழுதப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அவ்வழக்கத்தைப் புகுத்தி, 2021இல் விரிவாக்கியது.

ஐரோப்பாவின் 12 நாடுகளைச் சேர்ந்த 36 நிலையங்களில் வலிப்புக்காக அகற்றப்பட்ட 9,523 பேரின் இழையங்களைத் தொகுத்து இங்மார் புளுய்ம்கேயும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் பெருங்கணக்கு. பொட்டு மடலின் உட்புறத்தில் நினைவைக் காக்கும் பகுதி சுருங்கித் தழும்பேறுதல் 36.4 விழுக்காட்டினரிடமும், கட்டி 23.6 விழுக்காட்டினரிடமும், மூளைப் புறணி கருவிலேயே பிசகி அமைதல் 19.8 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இந்த மூன்றாம் வகை நோயியலாளர்களுக்குள் நெடுங்காலம் சச்சரவை உண்டாக்கியது. ஒரே சீவலை இரு நாடுகளில் காட்டினால் இரு பெயர்கள் வந்தன. வலிப்புக்கெதிரான சர்வதேச சங்கம் 2011இல் வெளியிட்ட வகைப்பாடு அதைப் பெருமளவு தீர்த்தது. மாநாடுகளில் நோயியலாளர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசும் மணிநேரம் பார்வையாளருக்குச் சலிப்பூட்டலாம். உண்மையில் கட்டணத்துக்கு ஈடான மணிநேரம் அதுவே.

இலங்கையின் பங்களிப்பைச் சொல்லும்போது நுணுக்குக்காட்டியிலிருந்து மீண்டும் கண்டவரிடமே வரவேண்டியிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க, சாப்பிடும்போது மட்டும் அல்லது பெரும்பாலும் அவ்வேளையில் வலிப்பு வருவோரைப் பற்றி 1990இல் எழுதிய ஆய்வுகள் உலகெங்கும் எடுத்தாளப்படுபவை. வயிறு நிறையச் சோறு உண்ணும் வேளையில் வலிப்பு வருகிறது என்பதையும், அது சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் காணப்படுகிறது என்பதையும் எந்த ஸ்கேனும் காட்டியிராது. எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பொறுமையோடு கேட்டதால் கிடைத்த அறிவு அது. கர்நாடகத்தில் தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு இனங்காணப்பட்டதும் இத்தகைய கேள்வியால்தான்.

மருந்து முதலில் பலிக்காதவர்களில்தான் இந்த விவரணைக்கு விலை ஏறுகிறது. வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தால் மட்டும் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களில் பொட்டு மடல் வலிப்புடைய 80 பேரை இரு பிரிவாக்கிக் கனடாவில் செய்த ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டோரில் 58 விழுக்காட்டினரும் மருந்தோடு நின்றோரில் 8 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் உணர்விழக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர் என்று 2001இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒருவர் தகுந்தவரா என்று முடிவுசெய்ய, கண்களும் தலையும் எப்பக்கம் திரும்பின, எந்தக் கை முதலில் விறைத்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, தெளிந்ததும் பேச்சு உடனே வந்ததா என்பவை தெரியவேண்டும். விழுந்தவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடத்தைக் கடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யவேண்டியது. சாவிக்கொத்தையோ இரும்பையோ தேடி ஓடுபவர், பார்த்திருக்கவேண்டிய அந்த ஒன்றிரண்டு நிமிடங்களைத் தேடலில் செலவிட்டுவிடுகிறார். இப்போது கைத்தொலைபேசி பெரும்பாலும் எல்லாக் காம்பராக்களிலும் இருப்பதால், கைகள் காலியாக உள்ள ஒருவர் அரை நிமிடம் படம் பிடித்தாலே நரம்பியல் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்த விவரணையைச் சொல்ல வட்டகொடையிலிருந்து கண்டியிலுள்ள கிளினிக்குக்குப் போகிறவர் தலவாக்கலை, ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று பாதை முழுவதையும் இறங்கிக் கடக்கவேண்டும். கிளினிக் நாள் என்பது சம்பளமில்லாத நாள். கூட வருபவர் பெரும்பாலும் வேலையில்லாத தாத்தாவோ, பாட்டியோ, படிப்பை நிறுத்திய தம்பியோ. அடுத்த நிரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பெண் அன்று மலையில் இருப்பாள். அவளும் வந்தால் அவளுக்கும் அரைப்பேர்கூட, அதாவது அரைநாள் சம்பளம்கூட, விழாது.

(தொடரும்)