வேப்பிலை வெள்ளி நானோ துகள்கள்

வேப்பிலைச் சாற்றின் உதவியால் வெள்ளி உப்பிலிருந்து ஆக்கப்படும், 100 நானோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள வெள்ளித் துகள்கள் இவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே 1 நானோமீட்டர். கழிவுநீரிலுள்ள பாக்டீரியாக்களைக் கொல்ல இவற்றைப் பயன்படுத்தும் வழிகள் ஆராயப்படுகின்றன. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி குழுவினர் இம்முறையை 2004-இல் வெளியிட்டனர்.

செய்முறை எளியது. கழுவி நறுக்கிய இலைகளைக் காய்ச்சி வடித்த நீரில் சில நிமிடங்கள் கொதிக்கவைத்து வடிகட்டுவர். அச்சாற்றை வெள்ளி நைட்ரேட்டின் நீர்த்த கரைசலில் சேர்த்தால், இளமஞ்சள் நிறம் மெல்லப் பழுப்பாகும். இலையின் கரிமச் சேர்மங்கள் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான்களை அளித்து அவற்றை உலோக வெள்ளியாக ஒடுக்குகின்றன. பின்பு துகள்களின் மேல் படர்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கின்றன. வெள்ளி ஏன் பளபளக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். இவ்வளவு சிறிய வெள்ளித் துகள்கள் ஊதா, நீல ஒளியை வலுவாக உறிஞ்சுவதால்தான் கரைசல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது.

துகள்களிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் செல்சவ்வைச் சிதைக்கின்றன. புரதங்களிலுள்ள கந்தகத்துடன் பிணைந்து நொதிகளை முடக்குகின்றன. குளோரினைப் போல் கரிமக் கழிவுடன் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்களை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் விலையில் குளோரினுக்கு ஈடாகாது.

'பசுமை முறை' என்ற பெயரைச் சற்றுக் கவனமாகக் கொள்ள வேண்டும். சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ஒடுக்கிகளைத் தவிர்ப்பதால் வந்த பெயர் அது. ஆக்கும் முறைக்கு மட்டுமே பொருந்தும். இலையில் பிறந்தாலும் வெள்ளி வெள்ளிதான். நீரில் கலந்து வெளியேறினால் பாசிக்கும் மீனுக்கும் நஞ்சாகலாம். சுத்திகரிப்புத் தொட்டியில் அழுக்கைத் தின்னும் நல்ல பாக்டீரியாக்களையும் அது விட்டுவைக்காது. ஆகவே உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த பிறகே, கடைசிக் கட்டத்தில் இதைப் பயன்படுத்துவது பொருத்தம்.

இன்னொரு சிக்கல் உப்பு. உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போம். கழிவுநீரிலுள்ள குளோரைடும் அவ்வாறே வெள்ளி அயனிகளைப் பிடித்து வீழ்படிவாக்கி, கிருமிகொல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். சல்பைடும் அப்படியே.

துகள்களை நேரடியாக நீரில் கொட்டாமல் மணல், கிளர்வுற்ற கரி, சுட்ட களிமண் ஆகியவற்றின் மேல் பதித்து, நீரை அவற்றினூடே செலுத்தும் முறை இவற்றுள் மேலானது. அப்போதும் வெளியேறும் நீரில் வெள்ளியின் அளவைச் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்.