அசல் இயந்திரம், நகல் முகம்

குரோனோகிராஃப் என்பது மணி காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச் வேலையும் பார்க்கும் கைக்கடிகாரம். இரண்டு மணி பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட நொடி முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். நான்கு மணி பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் முள் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். கழிந்த நிமிடங்களுக்கும் மணிகளுக்கும் குட்டி டயல்கள் கணக்கு வைக்கும். இப்படி ஒரு வாட்சைக் கடையில் வாங்காமல், இயந்திரம் ஓரிடம், கேஸ் ஓரிடம், டயல் ஓரிடம் என்று திரட்டி, அசலும் நகலும் கலந்து பூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதை 'ஃபிராங்கன் வாட்ச்' என்பார்கள்.

இந்த மோகத்துக்குப் பெருங்காரணம் ரோலெக்ஸ் டேடோனா. 1963இல் வெளிவந்த 6239 என்ற எண்ணுள்ள மாடலும் அதன் வரிசையில் வந்தவையும் அந்தக் காலத்தில் கடைகளில் விலைபோகாமல் கிடந்தவை. பிறகு காற்று திசை மாறியது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த 6239, 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. சாதாரண டேடோனாக்களும் சாமானியர் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டன.

ஆனால் அந்தப் பழைய டேடோனாவுக்குள் ஓடியது ரோலெக்ஸ் தானே வடிவமைத்த இயந்திரம் அல்ல. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் இருந்த வால்ஜூ நிறுவனத்திடம் வாங்கி, தன் தரத்துக்கு மெருகேற்றிப் பூட்டியது. வால்ஜூ 72 என்ற அந்த இயந்திரம் 1938 முதல் 1974 வரை தயாரானது. ரோலெக்ஸுக்கு மட்டுமல்ல, ஹோயர் கரேரா, ஹோயர் ஆட்டேவியா என்று பல வாட்சுகளுக்கும் அதுவே உயிர். ஆக, டேடோனாவின் இயந்திரத்தை டேடோனா விலை கொடுக்காமலே வாங்கலாம்; முகத்தை மட்டும் நகலில் செய்துகொள்ளலாம். ஃபிராங்கன் கட்டுபவர்களின் கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதில்லை. 1974க்குப் பிறகு புது வால்ஜூ 72 கிடையாது. அதை வைத்துக் கட்டும் ஒவ்வொரு நகல் டேடோனாவுக்காகவும் எங்கோ ஓர் அசல் வாட்ச் பிரிக்கப்படுகிறது. பெயர் அதிகம் தெரியாத கம்பெனியின் வாட்ச் என்பதற்காக, ஐம்பது அறுபது ஆண்டு ஒழுங்காக ஓடிய ஒன்றின் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு, கேஸையும் டயலையும் தனித்தனியாக விற்றுவிடுகிறார்கள். நேர்மையான ஒரு கடிகாரத்தைக் கொன்று நடிக்கும் ஒரு கடிகாரத்தை உண்டாக்குவது நல்ல பேரம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கேஸ் துருப்பிடித்து, டயல் பாழாகி, இயந்திரம் மட்டும் தப்பிய வாட்சைத் தேடி எடுப்பவர் செய்வது வேறு வேலை.

வால்ஜூ 72 தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. அதே நிறுவனத்தில் எட்மண்ட் காப்ட் வடிவமைத்த தானியங்கி இயந்திரமான 7750, 1970களின் முற்பகுதியில் வந்தது. குவார்ட்ஸ் வாட்சுகளின் வெள்ளத்தில் சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்று, 1980களில் மீண்டும் தொடங்கியது. இன்று உலகில் மிகப் பரவலாக ஓடும் குரோனோகிராஃப் இயந்திரங்களில் அது ஒன்று. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் சுவிட்சர்லாந்தின் செலிட்டா நிறுவனம் அதே அமைப்பில் எஸ்.டபிள்யூ.500 என்று சட்டப்படியே செய்து விற்கிறது. சீனத் தொழிற்சாலைகளும் செய்கின்றன. இன்னொரு சீன இயந்திரமான ஸீகல் எஸ்.டி.19இன் கதை தனி. 1961இல் சீன விமானப் படைக்கு வாட்ச் செய்யும் திட்டம் தியான்ஜின் தொழிற்சாலைக்கு வந்தது. சுவிஸ் வீனஸ் நிறுவனத்தின் 175 என்ற இயந்திரத்துக்கான கருவிகளையே விலைக்கு வாங்கித்தான் அதைச் செய்தார்கள். நகல் என்று கேலி செய்யப்படும் ஸீகல், முறைப்படி வாங்கிய வாரிசுச் சொத்து. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஸெய்கோவின் வி.கே.63 போன்ற இயந்திரத்துக்குப் போகிறார்கள். ஓடுவது பேட்டரியில், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது மட்டும் பழைய முறையில், சுத்தியல் தட்டுவதால்.

எதை எடுப்பது என்பதை விலை மட்டும் முடிவு செய்வதில்லை. குட்டி டயல்கள் எங்கே இருக்கின்றன என்பதே முதல் கேள்வி. வால்ஜூ 72இல் அவை 3, 6, 9 ஆகிய இடங்களில் இருக்கும். 7750இல் 12, 6, 9. டேடோனா முகம் 3, 6, 9 என்பதால் 7750ஐ அதற்குள் வைக்க வேண்டுமானால், இடைச்சக்கரங்கள் சேர்த்து முட்களை வேறிடத்துக்குக் கடத்த வேண்டும். மலிவான நகல் டேடோனாக்களில் செய்திருப்பது இதைத்தான். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு நொடி முள்ளை ஒன்பதிலிருந்து ஆறுக்குக் கடத்தும் அந்தச் சக்கரங்கள் உராய்வைக் கூட்டி இயந்திரத்தைத் திணறவைக்கும். நல்ல இயந்திரம் ஒன்றைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அடுத்தது துடிப்பு. வால்ஜூ 72 மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். அதனால் அதன் டயலில் ஒவ்வொரு நொடியையும் ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்டால் முள் கோட்டின் மேல் சரியாக நிற்கும். 7750இன் துடிப்பு 28,800, நொடிக்கு எட்டு. அதற்கு நொடியை நான்காகப் பிரிப்பதே பொருத்தம். ஐந்து கோட்டு டயலுக்கு அடியில் எட்டுத் துடிப்பு இயந்திரத்தை வைத்தவரின் வாட்சில் முள் பெரும்பாலும் இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் நிற்கும். ரோலெக்ஸ் பிற்காலத்தில் பயன்படுத்திய 727 என்ற வகை 21,600க்கு மாற்றப்பட்டது. எனவே 1970களின் டேடோனா முகத்துக்குப் பின்னால் சாதாரண வால்ஜூ 72 இருந்தால், காதில் வைத்துப் பார்க்கிற அனுபவசாலிக்கே வித்தியாசம் பிடிபடும்.

வாட்சின் பின்மூடியைத் திறந்தால் குரோனோகிராஃபின் வேலை முழுவதும் கண்ணெதிரே தெரியும். முதலில் கண்ணில் படுவது தூண் சக்கரம்: கோயில் மண்டபத்தைச் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக்கி வைத்தாற்போல், ஒரு தட்டின் மேல் வட்டமாக நிற்கும் குட்டித் தூண்கள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சக்கரம் ஒரு படி நகரும். நெம்புகோலின் மூக்கு தூண்மேல் ஏறினால் ஒரு நிலை. தூண்களுக்கு இடையே விழுந்தால் மறுநிலை. அந்த ஏற்ற இறக்கத்தில் இணைப்புச் சக்கரம் நகர்ந்து நொடிச் சக்கரத்தின் பல்லைப் பிடிக்கிறது, விடுகிறது. பூஜ்யத்துக்குத் திருப்புவது இதய வடிவத் தகடு. அது எந்த நிலையில் இருந்தாலும் சுத்தியலின் தட்டையான முகம் பட்டதும் வழுக்கி, பள்ளமான ஓரிடத்துக்கே வந்து நிற்கும். 1844இல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற உத்தி இது, இன்றும் மாறவில்லை. 7750இல் தூண் சக்கரத்துக்குப் பதில் தகடுகளை வெட்டி அடுக்கிய அமைப்பு. அழகு குறைவு, செய்வது சுலபம், உழைப்பில் ஒன்றும் சளைத்ததல்ல.

பழைய இயந்திரத்தில் புதியவர்கள் கைவைக்கக் கூடாத இடமும் இங்கேதான் இருக்கிறது. வால்ஜூ 72இல் சில திருகுகளின் தலை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். அவை எதையும் இறுக்கும் திருகுகள் அல்ல. இரண்டு சக்கரங்களின் பற்கள் எவ்வளவு ஆழம் கவ்வ வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை. சாதாரணத் திருகு என்று நினைத்து ஒரு கால் சுற்றுத் திருப்பினால், குரோனோகிராஃபைத் தொடங்கும்போது நொடி முள் துள்ளும். அல்லது வாட்சே நின்றுவிடும்.

நகல் பாகங்களின் தொல்லை தொடங்குவது கேஸிலும் டயலிலும். டயலின் அடியில் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவை இயந்திரத்தின் துளைகளில் இறங்கிப் பக்கத் திருகுகளால் பிடிக்கப்படும். கால்களின் இடம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. நகல் டயலில் கால் சற்றே விலகியிருந்தாலும் குட்டி டயலின் மையம் நகர்ந்து, முள் ஒரு பக்கம் ஒதுங்கித் தெரியும். சிலர் கால்களை வெட்டிவிட்டு ஒட்டுப்புள்ளிகளால் டயலை ஒட்டுகிறார்கள். அது நிற்கும், ஆனால் பழுதுபார்ப்பவர் வாயிலிருந்து வசவு நிச்சயம். முட்களுக்கும் இதே கதை. சாதாரண ஈ.டி.ஏ. 2824 இயந்திரத்தின் மணி முள் துளை 1.50 மில்லிமீட்டர், நிமிட முள் துளை 0.90 மில்லிமீட்டர். அந்த முட்கள் 7750இன் பருத்த அச்சில் ஏறா. துளையை ராவிப் பெரிதாக்கலாம். கை நடுங்கினால் முள் போயிற்று.

கேஸில் பார்க்க வேண்டியது பொத்தான்களின் உயரம். சாவி கொடுக்கும் குமிழான கிரவுனும் பொத்தான்களும் எந்தத் தளத்தில் துளைக்கப்பட்டுள்ளனவோ அந்தத் தளத்தில் இயந்திரத்தின் தண்டும் நெம்புகோலும் இருந்தாக வேண்டும். சாதாரண இயந்திரத்தின் மேல் குரோனோகிராஃப் தொகுதியைத் தனியாக ஏற்றிய வாட்சுகளில், உதாரணமாக ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ரெட்யூஸ்டில், கிரவுனும் பொத்தான்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கேஸில் வேறு இயந்திரத்தைப் பொருத்த முயல்வது வீண்வேலை. அரை மில்லிமீட்டரின் ஒரு பகுதி பிசகினாலும் பொத்தான் நெம்புகோலைச் சாய்வாகத் தள்ளி நாளடைவில் தேய்த்துவிடும்.

பூட்டும் வேலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இயந்திரத்தை முழுக்கப் பிரித்து, கழுவி, மெதுவாகச் சுழலும் இடங்களுக்குக் கெட்டியான எண்ணெயும் துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் கற்களுக்கு மிக மெல்லிய எண்ணெயும் இட்டு, முதலில் குரோனோகிராஃப் இல்லாமல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அடித்தளம் சரியில்லாமல் மேல்மாடி கட்டிப் பயனில்லை. பிறகு குரோனோகிராஃப் பாகங்கள், டயல், கடைசியில் முட்கள். குட்டி முட்கள் முதலில், பிறகு மணி, நிமிடம், எல்லாவற்றுக்கும் பின் நடுவிலுள்ள நீண்ட நொடி முள்.

அந்தக் கடைசி முள்ளில்தான் கைத்திறன் தெரியும். பூஜ்யப் பொத்தானை அழுத்தி, சுத்தியல் இதயத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நிலையில், சாமணத்தால் முள்ளைப் பன்னிரண்டுக்கு நேராகப் பிடித்து வைத்து, அழுத்த வேண்டும். அழுத்தும்போது இயந்திரத்தின் பின்புறம் நடுக் கல்லுக்குத் தாங்கி இல்லாவிட்டால் கல் பெயர்ந்துவிடும். போதுமான அழுத்தம் இல்லாவிட்டால், பூஜ்யத்துக்கு வரும் ஒவ்வொரு தட்டலிலும் முள் அச்சின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். நகல் முட்களின் குழல் மெல்லியது. இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினாலே பிடி தளர்ந்துவிடும்.

முடிந்ததும் சோதனை. டைம்கிராஃபர் என்ற கருவி வாட்சின் டிக்டிக் ஒலியைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது, பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு பாகை வீசுகிறது என்று காட்டும். சாவி முழுக்கக் கொடுத்து, டயல் மேலே பார்க்கக் கிடத்தினால் வீச்சு 270 முதல் 300 பாகை இருப்பது ஆரோக்கியம். குரோனோகிராஃபை ஓடவிட்டால் வீச்சு கொஞ்சம் குறைவது இயல்பு. பெருமளவு சரிந்தால் எங்கோ பல் ஆழமாகக் கவ்வுகிறது. நகல் கேஸ்களைக் காற்றழுத்தத்தில் சோதிக்காமல் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பின்மூடியில் என்ன பொறித்திருந்தாலும் அது வெறும் எழுத்து.

எது அசல், எது நகல் என்று கண்டுபிடிக்க டயலின் ஒளிப்பூச்சு நல்ல சாட்சி. பழைய டயல்களில் ரேடியமும் பின்னர் டிரிட்டியமும் பூசினார்கள். டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12 ஆண்டு; எனவே 1960களின் அசல் டயல் இன்று இருட்டில் அணைந்துபோயிருக்கும். இரவெல்லாம் பச்சையாக மின்னும் 'அறுபதாண்டு' டயல் அண்மையில் பூசப்பட்டது. ரேடியம் வேறு ரகம். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது, அதன் அரைவாழ்வு 1,600 ஆண்டு. அந்தப் பூச்சைச் சுரண்டுவதும் தூசியை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. இதனால்தான் பழைய அசல் டயலைத் 'திருத்தி அழகாக்க' முயல்வது பல விதத்தில் முட்டாள்தனம்.

கட்டி முடித்த வாட்சைக் கம்பெனியின் சேவை மையம் தொடாது. வேறு கம்பெனிப் பாகம் உள்ளே இருந்தால் ரோலெக்ஸ் வேலையை ஏற்பதில்லை. தனிப் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் இல்லாவிட்டால் அவர் ஒவ்வொன்றையும் அளந்துதான் மாற்றுப் பாகம் தேட முடியும்.

சட்டம் கவனிப்பது பெரும்பாலும் டயலில் எழுதியிருக்கும் பெயரை. பெயரில்லாத டயலோ கட்டியவரின் சொந்தப் பெயரோ இருந்தால் சிக்கல் குறைவு. பிறர் முத்திரையைப் புதிதாக அச்சிட்ட டயல், யார் கையில் கட்டியிருந்தாலும், போலிதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அசல் முத்திரையோடு நகல் பாகம் சேர்ந்த வாட்ச். அமெரிக்காவின் டெக்சாஸில் பழைய ரோலெக்ஸ்களில் பிறர் செய்த பாகங்களைப் பூட்டி, ரோலெக்ஸ் என்றே விற்றுவந்த பெக்கர்டைம் நிறுவனம் முத்திரை உரிமையை மீறியது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. அதே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம், வாட்சுகளை மாற்றியமைக்கும் ஜெனீவா நிறுவனம் ஒன்றின் மீது ரோலெக்ஸ் தொடுத்த வழக்கில் ஒரு கோடு கிழித்தது. வாடிக்கையாளர் தம் சொந்த வாட்சைக் கொண்டுவந்து, தாம் கட்டிக்கொள்வதற்காக மாற்றித் தரச் சொன்னால் அது குற்றமல்ல. மாற்றிய வாட்சை முத்திரைக்காரரின் சம்மதம் இல்லாமல் சந்தையில் விற்பது குற்றம். முத்திரையின் பெயரைப் பயன்படுத்தி அந்த நிறுவனம் செய்த விளம்பரங்கள் பற்றிய கேள்வி மட்டும் மறுவிசாரணைக்காகக் கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது.