இமயத்தை அறுத்த ஆறு

கயிலை மலைக்குத் தென்கிழக்கே, திபெத்தின் பனிமலைகளில் பிறக்கிறது யார்லுங் சாங்போ. பிரம்மபுத்திராவின் மேற்பகுதி இதுதான். இமயத்தின் வடபுறத்தை ஒட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக இது கிழக்கு நோக்கி ஓடுகிறது. அகன்ற பள்ளத்தாக்கில் பல கிளைகளாகப் பிரிந்து, மீண்டும் கூடிச் செல்லும் ஆறு, நம்சா பர்வா மலையை நெருங்கியதும் அடியோடு மாறிவிடுகிறது.

7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வாவுக்கும் 7,294 மீட்டர் உயரமுள்ள கியாலா பெரிக்கும் நடுவே ஆறு பாய்கிறது. சிகரத்திலிருந்து நீர்மட்டம் வரை கணக்கிட்டால் பள்ளம் ஏறக்குறைய 5,000 மீட்டர். அங்கிருந்து நம்சா பர்வாவைச் சுற்றி வளைந்து தெற்கே திரும்புகிறது. மலையிடுக்கின் நுழைவாயிலில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆறு, இந்திய எல்லையை அடைவதற்குள் 2,000 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது.

மலை உயர உயர ஆறு அதை அறுத்துக்கொண்டே வந்ததுதான் இந்த ஆழத்துக்குக் காரணம். மலையிடுக்குக்கு மேற்புறத்தில் ஆற்றுப்படுகையைத் துளையிட்டுப் பார்த்தபோது, 500 மீட்டருக்கும் மேற்பட்ட வண்டலின் அடியில் பழைய பள்ளத்தாக்கு ஒன்று புதைந்திருப்பது தெரிந்தது. 2014இல் வெளியான இந்த ஆய்வின்படி, 20 முதல் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் வேகமாக உயரத் தொடங்கியது. மேற்புறத்தில் ஓட்டம் தடைபட்டு வண்டல் படிந்தது. கீழ்ப்புறத்தில் சரிவு செங்குத்தாகி அரிப்பு வலுத்தது. அரிப்பால் மேற்பாறையின் சுமை குறைவதும் அடியிலுள்ள பாறை மேலெழத் துணைபுரிகிறது என்பது புவியியலாளர் சிலரின் கருத்து.

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரும் புதிராக இருந்தது. அதை அறிய 1880இல் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப். உடன் சென்ற லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பி வந்த கிந்துப், திட்டமிட்டபடி அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை ஆற்றில் விட்டார். அவர் அனுப்பிய செய்தி உரியவரைச் சேராததால், அசாமில் கட்டைகளைக் கவனிக்க ஒருவரும் இல்லை. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரிகளான பெய்லி, மோர்ஸ்ஹெட் ஆகியோரின் பயணம் இரண்டும் ஒரே ஆறு என்பதை உறுதிசெய்தது.

அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என்று பெயர்பெறும் ஆறு, அசாமில் திபாங், லோகித் ஆறுகளுடன் கூடிப் பிரம்மபுத்திராவாகிறது. வங்கதேசத்தில் ஜமுனா என்று வழங்குகிறது.

இப்பகுதியின் நிலம் இன்னும் நிலைகொள்ளவில்லை. 1950இல் 8.6 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. 2000இல் யிகோங் கிளையாற்றை அடைத்த மண்சரிவு உடைந்து, வெள்ளம் அருணாசலம் வரை பாய்ந்தது. மலையிடுக்குப் பகுதியில் பெரும் நீர்மின் திட்டத்தைச் சீனா 2025இல் தொடங்கியுள்ளது. கீழே வாழும் கோடிக்கணக்கானோர் இதே நீரை நம்பியிருப்பதால், வெள்ள அளவுகளையும் நீர்த்திறப்பு விவரங்களையும் சீனா, இந்தியா, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்வது இன்றியமையாதது.